இரு பண்பாட்டு இல்லறம்: புதிதாகத் தொடங்குவோர் பேசி எழுதிவைக்க வேண்டியவை

வெவ்வேறு மொழியும் நாடும் சமயமும் கொண்ட இருவர் மணம் செய்துகொள்ளும்போது, கண்ணுக்குத் தெரிந்த பெரிய வேறுபாடுகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசி முடித்திருப்பார்கள். பேசாமல் திருமணம் வரை வந்திருக்கவே முடியாது. திருமணத்துக்குப் பின் காலை வாருபவை ‘அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டவைதாம். வீட்டில் எந்த மொழியில் பேசுவது, பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை, முதுமையை எங்கே கழிப்பது என்ற கேள்விகளை முடிவு செய்யாமல் விட்டால் அவை அப்படியே காத்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவை தாமாகவே முடிவாகிவிடும். அதுவும் அநேகமாக நீங்கள் குடியிருக்கும் ஊரின் மொழிக்கும் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் சாதகமாகவே முடிவாகும். அந்த ஊர் இருவரில் ஒருவருடையதாக இருந்தால், மற்றவர் ஒரு வாக்குவாதம்கூட இல்லாமல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்திருப்பார். பத்து ஆண்டு கழித்து அவர் அதை மனக்குறையாகச் சொல்லும்போது, ‘அப்போதே சொல்லியிருக்கலாமே’ என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலுக்கு இடம் வைக்காமல் முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவற்றைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறேன்.

முதற்படி: ஒரு நோட்டு

தொடங்குவதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். கைப்பேசியிலும் குறித்துவைக்கலாம்தான், ஆனால் கைப்பேசி ஒருவருடையது, நோட்டு வீட்டுக்குப் பொது. பேச்சில் முடிவான ஒவ்வொன்றையும் இருவருக்கும் புரியும் மொழியில் ஒரே வாக்கியமாக எழுதி, அருகில் இரண்டு தேதிகளை இடுங்கள். முதலாவது, முடிவெடுத்த நாள். இரண்டாவது, அந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கப்போகும் நாள். இரண்டாவது தேதிதான் முக்கியம். ‘இந்த நாட்டில் 3 ஆண்டு இருப்போம்’ என்று வாயால் சொன்னது, வீட்டுக் கடனும் வேலை உயர்வும் பிள்ளையின் பள்ளியும் சேர்ந்துகொண்டால் 13 ஆண்டாக நீண்டுவிடும். தேதி எழுதியிருந்தால், அந்த நாளில் பேச்சைத் தொடங்குகிறவர் சண்டைக்கு வருகிறார் என்று யாரும் சொல்ல முடியாது, நோட்டுதான் தொடங்கிவைக்கிறது.

பேசும் நேரத்துக்கும் ஒரு முறை வேண்டும். மாதம் ஒருமுறை, இருவரும் களைத்திராத ஒரு வேளையில், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் உட்காருங்கள். ஒருவருடைய பெற்றோர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய வாரத்தில் மட்டும் உட்காராதீர்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொது மொழியில் சரளமாகப் பேசத் தெரிந்தவர் வாதத்தில் வெல்வார். அவர் பக்கம் நியாயம் இருக்க வேண்டும் என்பதில்லை, சொல் சட்டென்று வருகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த மொழியில் தடுமாறுகிறவர் முதலில் தம் கருத்தை எழுதிக்கொண்டு வந்து படிக்கட்டும். மற்றவர் அதற்குப் பின் பேசட்டும். இந்த ஒரு ஏற்பாட்டால் எங்கள் வீட்டில் பல கூட்டங்கள் பாதி நேரத்தில் முடிந்திருக்கின்றன.

இரண்டாம் படி: அன்றாடச் சொற்களின் அகராதி

நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒரு சிறு அகராதிக்கு ஒதுக்குங்கள். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். நானும் ஒரு சனிக்கிழமை மாலை வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போகலாமா என்று என் துணைவர் கேட்டார், எனக்கு விருப்பமில்லை, ‘பார்க்கலாம்’ என்பதை எங்கள் பொது மொழியில் அப்படியே பெயர்த்துச் சொன்னேன். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் பழைய சட்டையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தலை வாரி, காலணியின் கயிறு கட்டி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறார். ‘பார்க்கலாம் என்றால் என் ஊரில் வேண்டாம் என்று பொருள்’ என்று நான் விளக்க, ‘அப்படியானால் இந்த ஓராண்டில் எனக்கு எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய்?’ என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அன்றைக்கே அகராதியில் முதல் பதிவு ஏறியது. இரண்டாவது பதிவு அவருடையது: உணவு மேசையில் அவர் பேசாமல் இருந்தால் மனம் நிறைந்திருக்கிறது என்று பொருள், அதைக் கோபம் என்று எண்ணி நான் மாதக்கணக்கில் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் அகராதிக்கு இப்படிப்பட்ட இடங்களில் தேடுங்கள்: மறுப்பை எப்படிச் சொல்வது, நன்றியை வாயால் சொல்ல வேண்டுமா செயலால் காட்ட வேண்டுமா, ‘ஐந்து நிமிடம்’ என்றால் எவ்வளவு நேரம், விருந்தினர் சொல்லாமல் வரலாமா, உடல்நலமில்லாதவரைத் தனியே ஓய்வெடுக்க விடுவது அன்பா, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அன்பா. இவற்றை யாரும் பண்பாடு என்று நினைப்பதில்லை. ‘மனிதர்கள் இப்படித்தானே’ என்று நினைக்கிறோம். அதனால்தான் துணைவர் வேறு விதமாக நடக்கும்போது அதை அவருடைய குணக்கேடாக எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாம் படி: உறவினருக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர்

ஒருவருடைய பெற்றோரோடு மற்றவருக்குப் பொது மொழி இல்லாவிட்டால், நடுவில் இருப்பவர் சம்பளமில்லாத துபாஷியாகிவிடுவார். இரு பக்கத்துப் பேச்சையும் வடிகட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு வரும். ‘அம்மா என்ன சொன்னார்?’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்பார். அந்த ஒன்றுமில்லையைக் கேட்கிறவர், தம்மைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் முடிவுகட்டுவார். வடிகட்டினால், வடிகட்டியதாகச் சொல்லிவிடுவது நல்லது: ‘பக்கத்து வீட்டு வழக்கு ஒன்று, சுவையில்லை, விட்டுவிட்டேன்’ என்று சொன்னால் போதும். நாள் முழுவதும் மொழிபெயர்ப்பவருக்கு மாலையில் தலை கனக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவெளி எடுப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விழா நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் இரு நிறங்களில் குறித்து, எவற்றுக்கு விடுப்பு எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். குடியிருக்கும் நாட்டின் விழாவுக்கு அரசு விடுமுறை தானே வந்துவிடும். மற்றவருடைய விழா வேலைநாளில் வந்து, யாரும் கவனிக்காமல் போய்விடும். விடுப்பு நாட்களை அந்த இரண்டாவது விழாவுக்காகவே சேமித்துவையுங்கள்.

நான்காம் படி: ஆவணங்கள்

திருமணம் ஒரு நாட்டில் பதிவானதும் மற்ற நாட்டுக்கு அது தானாகத் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. எந்த நாட்டுப் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லையோ அந்த நாட்டின் தூதரகத்தைக் கேட்டு, அங்கே தெரிவிக்க வேண்டுமா, காலவரம்பு உண்டா என்று அறிந்துகொள்ளுங்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, தம் நாட்டவருக்காகப் பதிவாளர் பணியையும் நோட்டரி பணியையும் செய்யத் தூதரகங்களுக்கு இடம் தருகிறது. இருக்கும் நாட்டின் சட்டம் அதைத் தடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

திருமணச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் நான்கைந்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். அவற்றை வேறு நாட்டில் காட்ட, பெரும்பாலும் அப்போஸ்டில் என்ற சான்று தேவைப்படும். இது 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் சிறிய சதுரம். பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, தலைப்பு பிரெஞ்சு மொழியிலேயே இருக்க வேண்டும். 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. அப்போஸ்டில் உறுதி செய்வது கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே. சான்றிதழுக்குள் எழுதப்பட்டிருப்பது சரி என்று அது சொல்லவில்லை. மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதற்கு முன் அப்போஸ்டில் வாங்கிவிடுவது நல்லது, ஏனெனில் அதையும் சேர்த்தே மொழிபெயர்த்துக் கேட்கும் அலுவலகங்கள் பல உண்டு. ஆனாலும் ஆவணத்தைப் பெறப்போகும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பெயரில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத வழக்கமும், இரண்டு குடும்பப் பெயர்கள் கொண்ட வழக்கமும், திருமணத்தால் பெயர் மாறும் வழக்கமும் மாறாத வழக்கமும் உலகில் உண்டு. படிவமோ ‘பெயர், குடும்பப் பெயர்’ என்ற இரண்டே கட்டங்களோடு வரும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரு வரிகளும் 44 எழுத்திடங்கள் கொண்டவை. அதில் பெயருக்குக் கிடைப்பது 39 இடங்கள். ரோமன் பெரிய எழுத்துகளைத் தவிர வேறு எழுத்து அங்கே ஏறாது. குறியிட்ட எழுத்துகள் சாதாரண எழுத்துகளாகிவிடும், நீளமான பெயர் சுருங்கிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, திருமணச் சான்றிதழ், வங்கி, காப்பீடு, பயணச்சீட்டு எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள். எங்கள் சான்றிதழில் பதிவு அலுவலகம் ஒன்று என் துணைவரின் பெயரில் ஓர் எழுத்தை இரட்டித்துவிட்டது; மகிழ்ச்சியில் யாரும் படித்துப் பார்க்கவில்லை; அதைத் திருத்த ஏழு மாதங்களும் இரு நாட்டு உறுதிமொழிப் பத்திரங்களும் ஆயின. கையெழுத்திடும் முன் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

குடியுரிமையை மாற்றும் எண்ணமிருந்தால் அவசரம் வேண்டாம். திருமணமானதாலேயே மனைவியின் குடியுரிமை தானாக மாறிவிடக் கூடாது என்பதை 1957-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கொள்கையாக வைத்தது. ஆனால் நீங்களே விண்ணப்பித்து வேறு குடியுரிமை பெற்றால் பழையது நிற்குமா போகுமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. சொத்து, வாரிசுரிமை, முதியோராகும் பெற்றோரிடம் போய்வரும் உரிமை ஆகிய மூன்றும் அதனால் என்னவாகும் என்று எழுதிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஐந்தாம் படி: பணம்

மாதச் செலவைப் பங்கிடுவதில் எல்லாத் தம்பதியரும் செய்வதையே நீங்களும் செய்வீர்கள். அதை நீட்டி எழுத வேண்டியதில்லை. உங்களுக்கென்று தனியாக உள்ளவை மூன்று. பெற்றோருக்குப் பணம் அனுப்புவது ஒருவருக்குக் கடமை, மற்றவருக்கு வியப்பு என்ற நிலை இருந்தால், தொகையைக் குடும்பச் செலவில் ஒரு வரியாகவே சேர்த்துவிடுங்கள். மறைத்து அனுப்பும் சிறுதொகைதான் பெரிய மனக்கசப்பாகும். இரண்டாவது, இருவரும் அவசரமாகத் தாய்நாட்டுக்குப் பறக்கும் அளவுக்கு ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருங்கள். மூன்றாவது, திருமணச் சொத்து எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகள் பலவற்றில் 2019 ஜனவரி 29 முதல் நடப்பிலுள்ள ஒழுங்குமுறையின்படி, தம்பதியர் முன்கூட்டித் தேர்ந்துகொள்ளாவிட்டால், பொதுவாகத் திருமணத்துக்குப் பின் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து வசித்த நாட்டின் சட்டமே அவர்களுடைய சொத்துக்குப் பொருந்தும். ‘தற்காலிகமாக’ என்று சொல்லிக் குடியேறிய அந்த முதல் வாடகை வீடு எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது பாருங்கள்.

ஆறாம் படி: பிள்ளைகள்

பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயரை இரு மொழியிலும் உச்சரித்துப் பாருங்கள். ஒரு மொழியில் அழகான பெயர் மற்றதில் கேலிச்சொல்லாக இருக்கக்கூடும். இரு பாட்டிமாரையும் தொலைபேசியில் சொல்லச் சொல்லிக் கேட்பதே சரியான சோதனை. குடியுரிமை பிறந்த மண்ணால் வருமா, பெற்றோரால் வருமா, இரண்டாலும் வருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் வெளிநாட்டுப் பிறப்பைக் குறித்த காலத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டியிருக்கும். அந்தக் காலவரம்பை மருத்துவமனைப் பையோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.

மொழியைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு மொழி என்ற முறை பழையது: பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ழா, தாம் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் மட்டுமே மகனிடம் பேசி, அவன் வளர்ந்த விதத்தை 1913-இல் பதிவு செய்தார். இரு மொழி கேட்டு வளர்வதால் குழந்தையின் பேச்சு தாமதமாகும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியில் ஏறத்தாழ 1,900 பன்மொழிக் குடும்பங்களை ஆராய்ந்து அன்னிக் தெ ஹௌவர் 2007-இல் வெளியிட்ட முடிவில், பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் ஊர்மொழியான டச்சைப் பேசினார்கள். வீட்டின் மற்ற மொழியையோ ஏறத்தாழக் கால்வாசிப் பேர் பேசவில்லை. இரு பெற்றோரும் மற்ற மொழியையே பேசிய வீடுகளில் அது ஏறக்குறைய முழுமையாக நிலைத்தது. ஆளுக்கொரு மொழி பேசிய வீடுகளில் முக்கால்வாசியில் நிலைத்தது. ஒருவர் ஊர்மொழியை மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிலைத்தது. இயல்பாக விட்டால் நடப்பது இந்தக் கடைசி நிலைதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஊர்மொழிக்கு வீட்டில் இடம் ஒதுக்கத் தேவையில்லை, பள்ளியும் தெருவும் அதைப் பார்த்துக்கொள்ளும். ஊர்மொழிக்காரத் துணைவரும் மற்ற மொழியைக் கொஞ்சமாவது பேசக் கற்றால் நிலைமை மாறும். பிள்ளை ஊர்மொழியில் பதில் சொன்னாலும் நீங்கள் உங்கள் மொழியை விடாதீர்கள். திருத்தவும் வேண்டாம், அவன் சொன்னதையே உங்கள் மொழியில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள். அந்த மொழி மட்டுமே தெரிந்த ஒரு தாத்தாவோ அத்தையோ கிடைத்தால், ஒரு கோடை விடுமுறையை அவர்களோடு கழிக்க அனுப்புங்கள்.

பயணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை கடந்தால், மற்றவரின் ஒப்புதல் கடிதம் நோட்டரி முத்திரையோடு கையில் இருக்கட்டும். 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் 100-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. 16 வயது நிரம்பாத பிள்ளையை மற்றவரின் உரிமையை மீறி வேறொரு உறுப்பு நாட்டுக்கு அழைத்துப்போனால், வழக்கமாக வசித்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது அதன் அடிப்படை. ‘என் தாய்நாட்டுக்குத்தானே போகிறேன்’ என்பது அங்கே செல்லாது. மனம் ஒத்திருக்கும் காலத்திலேயே இருவரும் இதைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: பெற்றோரின் முதுமை, உங்கள் முதுமை

தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு உடல்நலம் கெட்டால் யார் போவது, எத்தனை வாரம் வரை, இங்கே வீட்டை யார் பார்ப்பது, வேலையில் என்ன சொல்வது என்பதை அவர்கள் நலமாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். விசா தேவைப்படும் துணைவருக்கு நீண்டகாலப் பயண அனுமதி வாங்க முடிந்தால் இப்போதே வாங்குங்கள். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடிக்காலம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். இருவருடைய காலாவதித் தேதியும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

உயில் எழுதுவதை அமங்கலமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துக்கு அது இருக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும் என்று பல நாட்டுச் சட்டங்கள் கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளிலோ, 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழ்ந்த மரணங்களில், இறந்தவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டம் பொதுவாக முழுச் சொத்துக்கும் பொருந்தும். தம் குடியுரிமை நாட்டின் சட்டமே வேண்டும் என்றால் அதை உயிலில் எழுதியிருக்க வேண்டும். இரு நாட்டில் சொத்து இருந்தால் இரு நாட்டு வழக்கறிஞரையும் பாருங்கள்; இரண்டாவது உயில் முதலாவதை அறியாமல் ரத்து செய்துவிடாதபடி இருவரிடமும் மற்றதன் நகலைக் கொடுங்கள். நான் எங்கே அடக்கமாக வேண்டும், எந்த முறையில் என்பதையும் அதே நாளில் எழுதிவிடலாம்; துக்க வீட்டில் இரு குடும்பங்கள் அதைப் பேசி முடிவெடுக்கும் நிலை வரக் கூடாது.

இன்னொன்றை இளம் தம்பதியர் யோசிப்பதே இல்லை. மறதிநோய் வந்த முதியவர்களில் சிலர், பின்னாளில் கற்ற மொழியை விட்டுவிட்டுத் தாய்மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் ஒருவர் தண்ணீர் கேட்பதே மற்றவருக்குப் புரியாமல் போகலாம். பொது மொழி நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், துணைவரின் தாய்மொழியைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் பிறகு வரட்டும், பசி, வலி, குளிர், பயம், இங்கே வா, இரு, போகாதே என்ற சொற்களிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் செவ்வாயும் வியாழனும் இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு நாள் அவர் ஆசிரியர், ஒரு நாள் நான். அவர் என்னை முந்திவிட்டார். நான் இன்னும் இறந்தகால வினைச்சொற்களில் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.